நம் குடியிருப்போர் சங்கத்தின் 2024–25 ஆண்டறிக்கை: காற்று மாசு குறைந்ததா, கூடியதா?

தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், நேரில் வந்திருக்கும் உறுப்பினர்கள், வராமல் வாட்ஸ்அப்பில் மட்டும் படிக்கப்போகிறவர்கள், எல்லோருக்கும் வணக்கம்.

வழக்கமான சங்கதிகளை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு மாதம் ஒருமுறை கூடியது, மே மாதம் மட்டும் ஆள் சேரவில்லை. உடைந்து கிடந்த மழைநீர் வடிகால் மூடிகளை மாற்றியாயிற்று. முனையில் உள்ள தெருவிளக்கு மூன்றாவது மனுவுக்குப் பிறகு எரிகிறது. நாய்ப் பிரச்சினை போன வருஷம் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மீதி எல்லாம் காற்றைப் பற்றித்தான், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன பேரவைக் கூட்டத்தில் நம் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, "நாட்டுல புகை குறைஞ்சிருக்கா, கூடியிருக்கா, ஒரே வரியில சொல்லுங்க சார்" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சரி, ஒரு சின்ன அளவுக் கருவி வாங்கி நம் வாசலில் மாட்டுவது, நாட்டுக் கணக்கைத் தேடிப் படிப்பது, இரண்டையும் செயலாளர் பார்த்துக்கொள்ளட்டும் என்று தீர்மானம் போட்டீர்கள். நான் பார்த்துக்கொண்டேன்.

கருவி அளப்பது பிஎம் 2.5 என்கிற நுண்துகளை, அதாவது 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவானதும். தலைமுடியின் பருமனில் இருபதில் ஒரு பங்குதான் வரும். மூக்கில் தங்காது, நேராக நுரையீரலின் அடிக்குப் போகும், அங்கிருந்து ரத்தத்துக்கும் போகும். வாட்ச்மேன் அறைப் பக்கம் பிளக் பாயின்ட் இருந்ததால் கேட்டிலேயே மாட்டினோம். தினமும் காலை ஏழரைக்குக் கோடு குத்தாக ஏறும், பதினொன்றுக்கு மேல் இறங்கும். பள்ளி வேன்கள்தான் காரணம் என்று எல்லோரும் ஒரே முடிவாக இருந்தோம், மனுவைக்கூட டைப் அடித்தாயிற்று. அப்புறம் ஒரு வாரம் கோடு ஏறவே இல்லை. வேன்கள் வழக்கம்போல வந்து ஹாரன் அடித்துக்கொண்டுதான் இருந்தன. யோசித்துப் பார்த்தால், அந்த வாரம் இஸ்திரி போடும் அண்ணன் ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்தார். கருவிக்கு ஆறடி தள்ளித்தான் அவர் வண்டி. காலையில் கரியைப் பற்றவைத்து, பெட்டிக்குள் போட்டு, வாய் திறந்து ஊதுவார். திரும்பி வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். "நான் ஊருக்குப் போனா உங்க மெஷினுக்குத் தெரியுதா சார்?" என்று சிரித்தார். மனுவைக் கிழித்துப் போட்டோம்.

பிறகு கருவியை மொட்டை மாடிக்கு மாற்றினோம். எண் சட்டென்று இறங்கியது. உடனே நம் குழுவில் ஒருவர் "நம்ம ஏரியா காற்று சுத்தமாகிவிட்டது" என்று கைதட்டும் படங்களோடு போட்டுவிட்டார். காற்று அப்படியேதான் இருந்தது, மூக்கைத்தான் மூன்றாவது மாடிக்குத் தூக்கியிருந்தோம். கேட்டில் எழுதிய மூன்று மாதக் கணக்கை மாடிக் கணக்கோடு ஒப்பிடவே முடியாது, அதை நோட்டில் சிவப்பு மையால் குறித்து வைத்திருக்கிறேன்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், நாட்டுக் கணக்கிலும் இதே தலைவலிதான். காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981ல் வந்தது, தேசிய அளவில் அளக்க ஆரம்பித்தது 1984ல். அப்போது எண்ணியது பெரிதும் சிறிதுமாய் மிதக்கும் மொத்தத் தூசியை. நுண்துகளுக்கென்று தேசிய வரம்பு வந்ததே 2009 நவம்பரில்தான்: ஆண்டுச் சராசரி ஒரு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம், ஒரு நாளுக்கு 60. அதற்கு முந்தைய வருஷங்களுக்குத் தரையில் அளந்த எண் சொற்பம். செயற்கைக்கோள் மேலிருந்து பார்த்து, புகைமூட்டம் ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்பதை வைத்துத் தரை அளவைக் கணிப்பார்கள். அப்படிக் கணித்த சிகாகோ பல்கலைக்கழகத்தார், 1998லிருந்து 2021க்குள் இந்தியாவின் சராசரி ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கூடியது என்கிறார்கள். அனல்மின் நிலையம், செங்கல் சூளை, வாகனம், வயல் எரிப்பு, விறகடுப்பு எல்லாம் அதில் உண்டு. இதில் பலருக்குத் தெரியாத ஒன்று: நுண்துகளில் கணிசமான பங்கு தூசியாகவே வெளியே வருவதில்லை. கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடு, அம்மோனியா என்று வாயுவாகக் கிளம்பி, போகிற வழியில் காற்றிலேயே துகளாக மாறுகிறது. அதனால் புகைபோக்கி ஒரு மாநிலத்தில் இருக்கும், இருமல் இன்னொரு மாநிலத்தில் இருக்கும்.

சமீபத்திய வருஷங்களுக்கு ஐக்யூஏர் என்ற சுவிஸ் நிறுவனம் தரை நிலையங்களின் எண்களைத் தொகுத்து நாடுவாரியாக வெளியிடுகிறது. இந்தியாவின் நுண்துகள் ஆண்டுச் சராசரி, அதே மைக்ரோகிராம் கணக்கில், 2018ல் 72.5, 2019ல் 58.1, ஊரடங்கு வருஷமான 2020ல் 51.9, 2021ல் மறுபடி 58.1, 2022ல் 53.3, 2023ல் 54.4, 2024ல் 50.6. ஒரே வருஷத்தில் 72லிருந்து 58க்கு இறங்குகிற அளவுக்கு நாடு மாறிவிட்டதா என்று கேட்டால், கணக்கில் சேரும் ஊர்களும் நிலையங்களும் வருஷா வருஷம் மாறுகின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நம் கேட்டும் மாடியும் மாதிரி. மழை நன்றாகப் பெய்த வருஷமும் எண்ணை இறக்கும், அதற்கு யாரும் மார்தட்ட வேண்டியதில்லை.

ஆக, கேட்டவருக்கு ஒரு வரி: போன பத்தாண்டின் நடுப்பகுதி வரை ஏறியது, பிறகு ஏற்றம் நின்றது, இப்போது மெல்ல இறங்குகிற மாதிரி இருக்கிறது, ஆனால் நாமே போட்டுக்கொண்ட 40க்கு நாட்டுச் சராசரி இன்னும் வந்து சேரவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2021ல் தன் வரம்பை 10லிருந்து 5க்கு இறக்கியது, அந்த அளவுகோலில் நம் சராசரி பத்து மடங்கு. சென்னைக்குக் கடல்காற்று கைகொடுப்பதால் 40க்குள் நிற்கிறோம். கங்கைச் சமவெளிக்காரர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இறக்கத்துக்குக் காரணமென்று நம்பிச் சொல்லக்கூடியவை இரண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 என்கிற வாகனப் புகை விதி வந்து, எரிபொருளில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. 2016ல் ஏழை வீடுகளுக்காகத் தொடங்கிய உஜ்வலா திட்டம் மூலம் 10 கோடிக்கு மேல் வீடுகளுக்கு எரிவாயு இணைப்பு போனது, அடுத்த சிலிண்டர் வாங்கக் காசில்லாமல் விறகுக்கே திரும்பிய வீடுகளும் உண்டு. அனல்மின் நிலையக் கதையோ எதிர்த்திசையில் போகிறது. 2015 டிசம்பரில் கந்தகப் புகைக்கு வரம்பு விதித்து இரண்டு வருஷம் கெடு கொடுத்தார்கள், கெடு தள்ளித் தள்ளிப் போனது, நம் அறிக்கை ஆண்டு முடிந்தபின் 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்குக் கந்தக நீக்கக் கருவியே வேண்டாம் என்று விலக்கு கொடுத்துவிட்டார்கள். அனல்மின் நிலையங்கள் இருக்கும் எண்ணூர்ப் பக்கம் உறவினர் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

2019ல் தொடங்கிய தேசிய தூய காற்றுத் திட்டத்தில் ஏறக்குறைய 130 நகரங்கள், தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி. 2025–26க்குள் 40 சதவீதம் வரை குறைக்க வேண்டும் என்பது இலக்கு. எதைக் குறைக்க? பெரிய தூசியான பிஎம் 10ஐ. அதனால் பணத்தின் பெரும் பகுதி சாலைத் தூசிக்குப் போனது, பெருக்கும் லாரி வந்தது, தண்ணீர் தெளித்தார்கள். புகையிலிருந்து வரும் நுண்துகளுக்கு அதில் பெரிய பலன் இருக்காது என்பது என் அபிப்பிராயம், மறுப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் டீ குடிக்கும்போது பேசலாம்.

ஒரு வருத்தமும் உண்டு. ஜெமினி மேம்பாலத்தருகே அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் ஒரு கருவி பல வருஷமாக அளந்து எண்ணைப் பொதுவில் போட்டுக்கொண்டிருந்தது. 2025 மார்ச்சில் அந்த வெளியீட்டை நிறுத்திவிட்டார்கள். கருவி எங்கே இருந்தது என்று கேட்டுக் குழம்பத் தேவையில்லாத கணக்கு அது.

போகிக்கு வருவோம். டயர், பிளாஸ்டிக் எரிக்க வேண்டாம் என்று வீடு வீடாகச் சொன்னோம், நம் தெருவில் கேட்டார்கள், பக்கத்துத் தெருவில் கேட்கவில்லை. ஜனவரி 13 விடியற்காலை கருவி சிவப்பைக் காட்டியது. பனிக்காலத்தில் துகள் ஈரத்தில் ஊதிப்போவதால் இந்த வகைக் கருவி கொஞ்சம் கூட்டியே காட்டும், ஆனால் அன்றைய நாற்றத்துக்குக் கருவி வேண்டியதில்லை. ஒரு கணக்கு மட்டும் போட்டுப் பாருங்கள்: ஒரு நாள் 200 கூடினாலும், 365ஆல் வகுத்தால் ஆண்டுச் சராசரியில் அரை மைக்ரோகிராம் சொச்சம்தான் ஏறும். தினமும் காலையில் ஆறடித் தூரத்தில் எரியும் கரி அதைவிடப் பெரிய கணக்கு, அதை முதலில் சுவாசிப்பவர் அந்த அண்ணன்தான்.

அதனால் செயற்குழு முடிவு: எரிவாயுவில் ஓடும் இஸ்திரிப் பெட்டி வாங்க அவருக்குச் சங்க நிதியிலிருந்து வட்டியில்லாக் கடன், மாதத் தவணை. சிலிண்டரை எங்கே வைப்பது என்பதுதான் அவர் கேட்ட ஒரே கேள்வி, வாட்ச்மேன் அறைக்கு வெளியே கம்பிக்கூண்டு அடித்துக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறோம். பேரவை ஒப்புதல் தர வேண்டும்.

கருவி மொட்டை மாடியிலேயே இருக்கும். வெள்ளையடித்தாலும், வத்தல் காயப்போட்டாலும் யாரும் அதை நகர்த்தக் கூடாது. நவம்பர், டிசம்பரில் நான் மகள் வீட்டுக்குப் போகிறேன், இரவு ஒன்பது மணி எண்ணை நோட்டில் எழுத இரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், சனிக்கிழமைக்கு இன்னும் ஒருவர் வேண்டும். பேனா நோட்டோடு நூலில் கட்டியிருக்கிறது, தயவுசெய்து அவிழ்த்துக்கொண்டு போகாதீர்கள்.

இப்படிக்கு,
செயலாளர்