ஆணி இல்லாத செருப்புக்கு நன்றி

ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைக்கும் அண்ணன், தன் பெயர் போடக் கூடாது என்றார், போடவில்லை. தொழுநோயால் பாதத்தில் உணர்ச்சி போனவர்களுக்கு அவர் செய்யும் செருப்பில் ஆணி கிடையாது, தையலும் பசையும்தான். ஆணி குத்தினால் அவர்களுக்கு வலிக்காது. புண்ணான பிறகுதான் தெரியும். உள்ளே மெத்தென்ற எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலர், அதாவது நுண்ணறைகள் கொண்ட) ரப்பர், அடியில் முள் துளைக்காத கெட்டி சோல். குதிகால் வார் இல்லாவிட்டால் செருப்பு நழுவி உராயும். விரல் மடங்கியவர்களுக்கு பக்கிள் உதவாது, வெல்குரோதான். புதுச் செருப்பைக் கொஞ்ச நேரம் போட்டுக் கழற்றி, பாதத்தில் சிவப்போ சூடோ இருக்கிறதா என்று பார்க்கவும் சொல்லித் தருகிறார்.

ஒரே சைஸில் மொத்தமாக வாங்கிக் கொடுத்துப் படம் பிடிப்பதைவிட, காகிதத்தில் பாதத்தை வரைந்து அளவெடுக்கும் இந்த வேலை எவ்வளவோ மேல். சனிக்கிழமை மதியம் சம்பளத்தோடு அவரை இந்த வேலைக்கு அனுப்பும் நிர்வாகத்துக்கும் நன்றி. எம்.சி.ஆர். அமுங்கிவிட்டால் மாற்ற வேண்டும்; அதற்கு அந்த ரப்பர் ஷீட் தேவைப்படுகிறது.