ஏலக்காய் விலை பூஜ்யம் ஆகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போடிநாயக்கனூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் குடும்பத்துக்கு வண்டன்மேடு பக்கம் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருக்கிறது, அண்ணன் பார்த்துக்கொள்கிறார். நான் ஆண்ட்ராய்டு ஆப் எழுதிப் பிழைக்கிறவன். ஏலக்காய் விலை காட்டும் ஆப் இப்போது மலையில் பலருடைய போனில் இருக்கிறது. அவற்றை எழுதுகிறவர்களிடம் உங்கள் பத்திரிகை வழியாக ஒன்று கேட்கிறேன்: விலை கிடைக்காதபோது பூஜ்யம் காட்டாதீர்கள்.

சமீபத்தில் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரின் போனில் ‘இன்றைய சராசரி ரூ.0’ என்று வந்திருக்கிறது. காய் விலை போகவே இல்லை என்று நினைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்த வியாபாரியும் அதையே காட்டிப் பேச, உலர்த்தி வைத்திருந்த காயைக் கேட்ட விலைக்குக் கொடுத்துவிடப் பார்த்தார். நல்லவேளை, அண்ணன் எனக்குப் போன் செய்தார். அன்று ஏலக்காய் ஏலம் வழக்கம்போல நடந்திருந்தது. சராசரி விலை மட்டும் தரவில் அதுவரை ஏறவில்லை, அவ்வளவுதான்.

இந்த மாதிரி விவரங்கள் ஆப்புக்கு வருவது பெரும்பாலும் ஜேசன் (JSON) வடிவில், அதாவது ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு பெயர் போட்டு அடுக்கிய எழுத்துக் கோப்பாக. மேலே தேதி இருக்கும். அதன் கீழே ‘ஏலங்கள்’ என்று ஒரு பட்டியல். பட்டியலில் ஒவ்வொரு ஏலத்துக்கும் வந்த எடை, விற்ற எடை, ‘விலை’. அந்த விலைக்கு உள்ளேதான் ‘சராசரி’யும் ‘அதிகபட்ச’மும். ஆப் ஒவ்வொன்றாகத் திறந்து உள்ளே போக வேண்டும். வழியில் எது வேண்டுமானாலும் இல்லாமல் இருக்கலாம்.

ஆண்ட்ராய்டோடு வரும் ஜேசன் நூலகத்தில் (ஜேசனைப் படிக்க உதவும் ஆயத்த நிரல்) ‘கெட்இன்ட்’ (getInt) என்று கேட்டு, அந்தப் பெயர் அங்கே இல்லையென்றால் பிழை எழும். அதைக் கவனித்து எழுதாவிட்டால் ஆப் நின்றுவிடும். ‘ஆப்ட்இன்ட்’ (optInt) என்று கேட்டால் சத்தமில்லாமல் 0 வரும். ஆப் நிற்கக் கூடாதே என்று இரண்டாவதைப் போடுகிறார்கள். எனக்கு இதுதான் பொறுக்கவில்லை. நின்றுபோன ஆப்பை யாரும் நம்பப் போவதில்லை. பூஜ்யத்தை நம்பி ஒருவர் காயை விற்றுவிடுவார். மதிப்பு இல்லாமல் இருக்கிறதா என்று ‘இஸ்நல்’ (isNull) போட்டு முதலில் கேட்டுப் பார்க்க ஒரு வரி போதும். கோட்லின் என்ற நிரல் மொழியில் எழுதுகிறவர்கள் கேள்விக்குறியும் புள்ளியும் சேர்த்து எழுதினால், நடுவில் ஏதாவது விடுபட்டிருந்தால் நல் (null, ‘மதிப்பு இல்லை’ என்ற குறி) கிடைக்கும். அதன் பின்னாலேயே, ‘நல் என்றால் இதை வைத்துக்கொள்’ என்று சொல்லும் எல்விஸ் குறி (?:) போட்டு 0 என்று முடித்தால் பழைய கதைதான்.

அப்புறம் காற்புள்ளி. விலையை மேற்கோள் குறிக்குள் ‘2,450.50’ என்று எழுத்தாக அனுப்புகிறவர்கள் உண்டு. ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல் மொழியில் எழுத்தை எண்ணாக்கும் பார்ஸ்ஃப்ளோட் (parseFloat) அதை வாங்கி, காற்புள்ளியோடு நின்று, 2 என்று தரும். கிலோ இரண்டு ரூபாய்! காற்புள்ளியை எடுத்துவிட்டுத்தான் எண்ணாக மாற்ற வேண்டும்.

மத்திய அரசின் ஸ்பைசஸ் போர்டு (நறுமணப் பொருள் வாரியம்) நடத்தும் மின்னேலம் போடியிலும் கேரளத்துப் புத்தடியிலும் நடக்கிறது. ஒரே நாளில் இரண்டு ஏலம் நடப்பதும் உண்டு. பட்டியலில் முதலில் இருப்பதை மட்டும் எடுத்து ‘இன்றைய விலை’ என்று போட்டால் இன்னொரு ஏலம் காணாமல் போகும். பட்டியல் காலியாக இருந்தால் முதலாவது என்று ஒன்றே கிடையாது. சில ஆப்களில் பெரிய எழுத்தில் தெரிவது அதிகபட்ச விலை. அது நல்ல பச்சை நிறமும் பருமனும் உள்ள ஏதோ ஒரு லாட்டுக்கு (ஒன்றாக ஏலம் விடப்படும் ஒரு தொகுதிக் காய்க்கு) கிடைத்தது; சின்ன விவசாயிக்குச் சராசரிதான் கணக்கு. செய்தித்தாளில் இரண்டையும் தனித்தனியாகப் போடுகிறீர்கள். போனிலும் அப்படியே இருக்கட்டும்.

விலை வராத நாளில் ‘இன்றைய விலை இன்னும் வரவில்லை’ என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதுங்கள். கீழே முந்தைய ஏலத்தின் சராசரியை அதன் தேதியோடு காட்டுங்கள். தோட்டத்தில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும், அதனால் தேதி இல்லாத விலையால் யாருக்கும் பயன் இல்லை.

சோதித்துப் பார்க்க மாதிரி ஜேசன் கோப்புகள் சில எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் ‘விலை’யே இல்லை, ஒன்றில் சராசரி நல், ஒன்றில் ஏலப் பட்டியல் காலி, ஒன்றில் காற்புள்ளி போட்ட எண். விலை ஆப் எழுதும் யார் கேட்டாலும் தருகிறேன். என் முகவரி உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஏல விவசாயக் குடும்பத்து வாசகர்,
போடிநாயக்கனூர்.