64 பிக்சல் கட்டம்: உனக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ம.,

பழைய அளவீட்டைத் தூக்கிப் போட்டுவிட்டேன். செம்பெயர்ச்சி (விண்பொருளின் ஒளி சிவப்புப் பக்கம் நகரும் அளவு; எண் பெரிதானால் தொலைவும் கூடும், காலமும் பழையது) 1-லிருந்து 0.2 வரை, 500 கோடி ஆண்டுகளுக்கு மேல், கேலக்ஸிக் கொத்துகளின் நடு கேலக்ஸி வளரவே இல்லை என்ற வரியை விடாப்பிடியாக வைத்திருந்தது நான்தான். ஏன் என்று உனக்குத் தெரியும். நாலு பேர் படிக்கிற இடத்தில் அதை விரிக்க வேண்டாம்.

அந்தப் படம் மட்டும் கண்ணை விட்டு அகலவில்லை. பின்னணி வானத்தின் ஒளியைக் கழித்த படம். நடு கேலக்ஸியைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம். பென்சில் முனையால் அதைத் தொட்டு, "வானத்துல பள்ளமா விழும்?" என்றாய். நான் அடுத்த படத்துக்குத் தாவினேன்.

பள்ளம் தோண்டியது நாம்தான். பின்னணியை 64 பிக்சல் கட்டங்களில் மதிப்பிட்டோம், மென்பொருளில் இருந்தபடியே. பிக்சலுக்கு 0.26 வில்விநாடி (ஒரு பாகையில் 3600-ல் ஒரு பங்கு); கட்டம் 17 வில்விநாடி. செம்பெயர்ச்சி 0.2-ல் அது 55 கிலோபார்செக்தான் (ஒரு கிலோபார்செக் சுமார் 3,260 ஒளியாண்டு). நடு கேலக்ஸியின் வெளி ஒளியோ 100, 200 கிலோபார்செக் வரை மெலிந்து பரவும். அதையும் வானம் என்று மென்பொருள் கழித்துவிட்டது. செம்பெயர்ச்சி 1-ல் அதே கட்டம் 135 கிலோபார்செக், அங்கே இழப்பு குறைவு. கிட்டத்தில் நிறையத் தொலைத்துவிட்டு வளர்ச்சியைக் காணோம் என்றோம். நடுக் கருந்துளையின் தாரைகள் சுடுவாயுவைக் குளிரவிடாமல் தடுப்பதால் புது விண்மீன்கள் அதிகம் பிறப்பதில்லை. வளர்ச்சி பெரும்பாலும் விழுங்கிய கேலக்ஸிகளிலிருந்து வருகிறது, வெளிவட்டத்தில் படிகிறது. நாம் அழித்தது அதே இடத்தை.

மன்னித்துக்கொள். ஆனால் நீயும் ஒழுங்கா? மேற்பரப்பு ஒளி (வானத்தின் ஒரு சிறு பரப்பிலிருந்து வரும் ஒளி) செம்பெயர்ச்சி 1-ல் 16 மடங்கு மங்கும், 0.2-ல் இரண்டே மடங்கு. அதைச் சரிக்கட்டாமல் வெளி ஒளியை ஒப்பிட்டால் இல்லாத வளர்ச்சியும் தெரியும். அன்றும் இன்றும் ஒரே நிறையுள்ள கொத்துகளை வேறு எடுத்தாய். கொத்தும் காலப்போக்கில் வளர்கிறதே! தாத்தா படத்தோடு பக்கத்து வீட்டுப் பேரனை ஒப்பிட்ட கதை.

இப்போது வானத்தை 1 மெகாபார்செக்குக்கு (1000 கிலோபார்செக்) வெளியே வளையத்தில் எடுக்கிறேன். கிட்டத்துப் படங்களைச் செம்பெயர்ச்சி 1 அளவுக்கு மங்கவைத்து, இரைச்சல் சேர்த்து, 30, 100 கிலோபார்செக் வட்டங்களில் தனித்தனியாக அளக்கிறேன். உன் கண் இருந்தால் வேலை பாதியாகும். இருந்தும், மறைப்புக் கோப்புகளில் (அளவில் சேராமல் எதையெல்லாம் மறைத்தோம் என்ற கோப்புகள்) ஒரு வரி குறிப்புகூட வைக்காமல் போனாயே, அதற்கும் நேரமில்லையா?

14-ஆம் கொத்தில் தெற்கே ஒட்டி நிற்கும் அந்தச் சின்ன கேலக்ஸியை மறைத்தாயா, நடு கேலக்ஸியோடு சேர்த்து எண்ணினாயா? அதை மட்டுமாவது எழுது.