ஆடிக்கூழும் ஊட்டச்சத்து மாநாடும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உணவியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவி நான். அண்மையில் இங்கு நடந்த உணவியலாளர் மாநாட்டுக்கு முதன்முறையாகச் சென்றிருந்தேன். மாணவர்களுக்குக் கட்டணச் சலுகை இருந்தும், அந்தத் தொகையைச் சேர்க்க அம்மா பெரும்பாடு பட்டார்.

காலை அமர்வில், 2003 அக்டோபர் முதல் இந்நாட்டில் மக்காச்சோள மாவிலும் கோதுமை மாவிலும் ஃபோலிக் அமிலம், இரும்பு, துத்தநாகம் உள்ளிட்ட சத்துகளைச் சேர்ப்பது கட்டாயமாக்கப்பட்டது குறித்து விரிவாகப் பேசினார்கள். ஆடி மாதத்தில் எங்கள் வீட்டில் மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சுவது அந்த மக்காச்சோள மாவில்தான். மாவை முந்தைய இரவே கரைத்துப் புளிக்கவிடுவதால், இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும் பைட்டிக் அமிலம் குறைகிறது என்று வகுப்பில் படித்திருக்கிறேன். கேள்வி நேரத்தில் எழுந்து, குரல் நடுங்க, இதைச் சொன்னேன். மேடையிலிருந்தவர் ஆர்வத்துடன் குறித்துக்கொண்டார்.

ஆனால் வெளியே அடுக்கியிருந்த துண்டறிக்கைகளில் கூழோ, ரசமோ, பருப்போ ஒன்றுகூட இல்லை. நீரிழிவு உள்ள என் பாட்டி அவற்றைப் பார்த்து என்ன சமைப்பார்?

சர்க்கரைப் பானங்களுக்கு 2018 ஏப்ரலில் வரி வந்த பிறகும், நம் விழாப் பந்திகளில் குளிர்பானப் புட்டிகள் குறையவில்லை. கோயில் நிர்வாகத்தினர் அவற்றுக்குப் பதிலாக நீர்மோர் வழங்கலாம். தாங்களும் நம் வீட்டு உணவுகளின் சத்துகளை விளக்கும் வாராந்தரப் பத்தி ஒன்றைத் தொடங்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உணவியல் மாணவி, டர்பன்