படுக்கை கிடைத்தால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த 2021 மே மாதத்தில், சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை வாயிலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் காத்திருந்ததையும், படுக்கை ஒதுக்கீட்டை ஒருங்கிணைக்க அரசு கட்டளை மையம் அமைத்ததையும் மறந்திருக்க மாட்டோம். மையம் நல்ல ஏற்பாடுதான். ஆனால், நோயாளி வீடு திரும்பிய பிறகான கட்டத்துக்கு அத்தகைய கவனிப்பு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. நுரையீரல் அழற்சியைத் தணிக்கக் கொடுத்த ஸ்டீராய்டு மருந்தை எப்படிப் படிப்படியாகக் குறைப்பது, சர்க்கரை அளவை யார் கண்காணிப்பது, மூச்சுத்திணறல் திரும்பினால் எங்கே செல்வது என்பவையெல்லாம், உறவினர்கூட உடனிருக்க முடியாத அந்நாள்களில், பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைந்த டிஸ்சார்ஜ் தாளோடு நின்றுவிட்டன. கட்டுக்கடங்காத சர்க்கரையும் ஸ்டீராய்டும் கரும்பூஞ்சை நோய்க்கு வழிவகுத்ததை நினைத்தால் இது சிறிய குறையல்ல.

நோயாளி வெளியேறும் நாளிலேயே அவரது சிகிச்சை விவரம் அப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தைச் சென்றடைவதையும், தமிழில் எழுதிய மருந்துக் குறிப்பு அவர் கையில் இருப்பதையும் அரசு இப்போதே கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சென்னை.