பிசாசின் நகக்கீறல்: ஹிரோஷிமாவில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. மெஷினில் கடைந்த பீஸ் மூன்றாவது தடவையும் தேறவில்லை, உள்பக்கம் அலை அலையாகவே வருகிறது என்று சொன்னாய், அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, பட்டறை வேலை என்றால் அப்படித்தான். ஆனால் அதற்கப்புறம் "மஸ்டாவை நம்பி ஓடுற ஊருப்பா இது, டொயோட்டா பக்கம் போயிருக்கணும், கல்யாண வீட்ல கூட எல்லாரும் அதைத்தானே கேட்டாங்க" என்றாய் பார், அது மனதில் நின்றுவிட்டது. போனில் பேசினால் பாதி விட்டுப்போகும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

டொயோட்டா பெரியதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் நீ போயிருக்கும் ஊரின் கம்பெனி எப்படி வந்தது என்று யாராவது உனக்குச் சொன்னார்களா? அதைத் தொடங்கி நடத்திய ஜூஜிரோ மட்சுடா ஒரு மீனவர் வீட்டுப் பிள்ளை. சின்ன வயதிலேயே ஒசாகாவுக்குப் போய்க் கொல்லுப்பட்டறையில் தொழில் கற்றவர். 1906-இல் சொந்தமாகப் பட்டறை போட்டு என்ன செய்தார் தெரியுமா, பம்பு! அவரே வடிவமைத்த பம்பு. கோயம்புத்தூரில் பம்பு பாடிக்குப் போரிங் போட்டே, அதாவது உள்துளையைக் கடைந்தே, கை காய்த்துப்போன எனக்கு அதை முதன்முதலாகப் படித்தபோது சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. அந்த பம்புக் கம்பெனி அவர் கையில் நிலைக்கவில்லை. கடைசியில் சொந்த ஊர்ப் பக்கமே திரும்பி வந்தார்.

ஹிரோஷிமாவில் 1920-இல் தொடங்கிய கம்பெனி செய்தது கார் இல்லை, கார்க். பாட்டில் மூடிக்குப் போடுவோமே, அந்தத் தக்கைச் சரக்கு. அடுத்த ஆண்டு மட்சுடா தலைவரானார். முதல் உலகப் போர் முடிந்து நல்ல வெளிநாட்டுக் கார்க் மறுபடி வர ஆரம்பித்ததும் அந்தத் தொழில் படுத்துவிட்டது, உடனே இயந்திர வேலைக்குத் திரும்பினார்கள், 1927-இல் பெயரிலிருந்தே கார்க்கை எடுத்துவிட்டார்கள், 1931-இல் மூன்று சக்கரச் சரக்கு வண்டி வந்தது. அதற்குத்தான் மஸ்டா என்று பெயர் வைத்தார்கள். அவருடைய குடும்பப் பெயரின் சாயலும் இருக்கிறது, பார்சிக்காரர்கள் வணங்கும் அஹூரா மஸ்டாவின் பெயரும் இருக்கிறது. நீ எட்டாவது வரைக்கும் பள்ளிக்கூடம் போன வேன் ஞாபகம் இருக்கிறதா, ஸ்வராஜ் மஸ்டா? பஞ்சாபில் 1980-களில் இந்தக் கம்பெனியோடு சேர்ந்து தொடங்கியதுதான் அது. அந்தப் பெயரைத் தினமும் பார்த்துக்கொண்டேதான் நீ ஏறி இறங்கினாய்.

போர்க்காலத்தில் அந்தத் தொழிற்சாலை ராணுவத்துக்குத் துப்பாக்கி செய்தது, அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அப்புறம் 1945 ஆகஸ்ட் 6. அன்றைக்கு மட்சுடாவுக்கு 70 வயது நிறைந்த நாள். காலையிலேயே முடி வெட்டிக்கொண்டு நகருக்குள்ளிருந்து கிளம்பிவிட்டதால் தப்பினார் என்று சொல்வார்கள். ஃபுச்சுவில் இருக்கும் தொழிற்சாலை குண்டு விழுந்த இடத்திலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர். நடுவே டிராமில் போகும்போது பார்த்தேன் என்றாயே ஒரு குன்று, ஹிஜியாமா, அதுதான் பெரிய அடியைத் தடுத்தது. ஊரில் கட்டடம் என்று நிற்க எதுவும் இல்லாததால் மாகாண அரசே அந்தத் தொழிற்சாலைக் கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது, 1946 ஜூலை வரைக்கும் அங்கேதான் அலுவலகம் நடந்தது. கொஞ்சம் நினைத்துப் பார் கண்ணு. தன் ஆட்களில் எத்தனையோ பேரைப் பறிகொடுத்த ஒரு பட்டறை, ஊரையே உள்ளே வைத்துக்கொண்டு, அதே டிசம்பரில் மூன்று சக்கர வண்டியை மறுபடி செய்ய ஆரம்பித்துவிட்டது. சாம்பலான ஊரைத் திரும்பக் கட்ட மண்ணும் மரமும் இந்த மாதிரி வண்டிகளில்தானே போயிருக்கும்.

சரி, இனி நான் உனக்கு உண்மையாகவே சொல்ல வந்த இடம்.

1961 வாக்கில் ஜப்பான் அரசாங்கம் கார் கம்பெனிகளை இரண்டு மூன்று குழுவாகச் சேர்த்துவிடலாம் என்று யோசித்தது. சின்னக் கம்பெனிக்காரர்களுக்கு வயிற்றில் புளி கரைத்தது. அப்போது தலைவராக இருந்த ஜூஜிரோவின் மகன் ட்சுனேஜி மட்சுடா, வேறு எவரிடமும் இல்லாத ஒன்று நம்மிடம் இருந்தால்தான் தனியாக நிற்க முடியும் என்று ஜெர்மனிக்குப் போய் என்எஸ்யூ கம்பெனியோடு ரோட்டரி எஞ்சினுக்கு ஒப்பந்தம் போட்டார். ஃபெலிக்ஸ் வாங்கல் என்பவரின் யோசனை அது. பிஸ்டன் மேலும் கீழும் போவதில்லை. பட்டுப்புழுக் கூடு மாதிரி நடுவில் லேசாக ஒடுங்கிய ஒரு அறைக்குள் முக்கோண ரோட்டர் சுழலும், அதன் மூன்று முனையிலும் வாயு கசியாமல் அடைக்கும் சீல் ஒவ்வொன்று சுவரை ஒட்டித் தேய்த்துக்கொண்டே போகும். படத்தில் பார்த்தால் அவ்வளவு அழகு. ஓட்டிப் பார்த்தால் கொஞ்ச காலத்திலேயே குரோமியம் பூசிய அந்த உள்சுவரில் வரி வரியாகக் கோடு. ஜப்பான்காரர்கள் அதற்கு வைத்த பெயர் பிசாசின் நகக்கீறல்.

இதைப் படித்தபோது நான் எழுந்தே உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் அது வேறு ஒன்றும் இல்லை, சாட்டர்! நீ சின்னப் பிள்ளையாகப் பட்டறைக்கு வருவாயே, லேத்திலிருந்து திடீரென்று ஒரு அழுகைச் சத்தம் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவாய், அதுதான். பம்பு பாடி உள்ளே போரிங் போடும்போது வெட்டும் முனை மாட்டிய கம்பியை, அந்தப் பாரை, அதிகமாக நீட்டிக் கட்டினால் அது தன் பாட்டுக்கு ஆட ஆரம்பிக்கும். நிறுத்திவிட்டு விரலை உள்ளே விட்டால் நெளிநெளியாகத் தட்டுப்படும், விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் மீன் செதில் மாதிரி மின்னும். புதிதாக வந்த பையன்கள் இன்னும் அழுத்தித் தீட்டினால் போய்விடும் என்று நினைப்பார்கள். போகாது. எதை வைத்து ஆடுகிறது என்று பார்த்து, பாரை உள்ளே தள்ளிக் கட்டி, ஸ்பீடை மாற்றி, முனையைத் தீட்டிப் பார்க்க வேண்டும். ஆடுகிற பொருளின் இயல்பை மாற்றினால்தான் ஆட்டம் நிற்கும்.

அவர்கள் செய்ததும் அதுவேதான். கெனிச்சி யமமோட்டோ என்பவர் தலைமையில் 1963-இல் 47 பேர் கொண்ட ஒரு பிரிவு. அவர்களுடைய பழங்கதையில் எஜமானுக்காக நின்ற 47 சாமுராய்கள் வருவார்கள், அந்தக் கணக்கு. யமமோட்டோ பெரிய பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, போர் முடிந்த சமயம் மூன்று சக்கர வண்டிக்குக் கியர் பெட்டி பூட்டும் தொழிலாளியாக இங்கே சேர்ந்தவர். சீலை எந்தப் பொருளில் செய்தாலும் கோடு விழுந்துகொண்டே இருந்தது. பொருளில் மட்டும் குற்றம் இல்லை, சீல் தனக்கென்று இருக்கும் அதிர்வில் துடிக்கிறது என்று பிடித்தார்கள். சீலுக்குள் நீளவாட்டத்திலும் குறுக்கிலும் துளை போட்டு அந்த அதிர்வை மாற்றிப் பார்த்தார்கள், கோடு அடங்கியது. பிறகு கரியில் அலுமினியம் ஏற்றிய சீல் செய்து, 1967 மே மாதம் காஸ்மோ ஸ்போர்ட் என்ற ரோட்டரி கார் விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டே ஜெர்மனியில் 84 மணி நேரம் ஓயாமல் ஓடும் பந்தயத்துக்கு அதைக் கொண்டுபோய் நான்காவதாக வந்தார்கள். உரிமம் வாங்கியிருந்த மற்ற பெரிய பெரிய கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுவிட்டன.

அதன் பிறகு எல்லாம் சுகமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். 1973-இல் பெட்ரோல் விலை ஏறியதும், பெட்ரோல் குடிக்கும் எஞ்சின் என்று அமெரிக்காவில் பெயர் கெட்டு, கம்பெனியே முழுகும் நிலைக்கு வந்தது. சுமிட்டோமோ வங்கி தாங்கிப் பிடித்தது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்களை லைனிலிருந்து எடுத்து நாடு முழுக்கக் கார் விற்க அனுப்பினார்கள், ஸ்பேனர் பிடித்த கை வாடிக்கையாளர் வீட்டுக் கதவைத் தட்டியது. ஊர்க்காரர்கள் நம்ம ஊர் வண்டியையே வாங்குவோம் என்று சங்கம் வைத்துக் கிளம்பினார்கள். நீ சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தாயே கார்ப் பேஸ்பால் அணி, மட்சுடா குடும்பத்தோடு சேர்ந்த அணிதான், அது முதன்முதலாக லீக் பட்டம் வென்றது அந்தக் கஷ்டகாலத்தின் நடுவே 1975-இல்தான். அந்த ஊர் அன்றைக்கு எப்படி அழுது சிரித்திருக்கும்!

அப்போதும் யமமோட்டோ ரோட்டரியை விடவில்லை. எரிபொருள் சிக்கனத்தை 40 சதவீதம் உயர்த்த இலக்கு வைத்து வேலை செய்து, 1978-இல் ஆர்எக்ஸ்-7 என்ற ரோட்டரி கார் வந்தது. 1984-இல் அவரே கம்பெனித் தலைவர் ஆனார், கியர் பெட்டி பூட்டிய அதே மனிதர். 1991-இல் பிரான்ஸ் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஆரஞ்சும் பச்சையுமாக 55-ஆம் எண் மஸ்டா ரோட்டரி வண்டி 362 சுற்று ஓடி முதலாவதாக வந்தது. ஜப்பான் கம்பெனி ஒன்று அங்கே ஜெயித்தது அதுதான் முதல் தடவை. கல்யாண வீட்டில் கேட்டவர்களுக்கு நீ இதைச் சொல்லலாம், டொயோட்டா அந்தப் பந்தயத்தை முதலில் ஜெயித்தது 2018-இல்.

குறையும் இருக்கிறது. ஜப்பானிலேயே மஸ்டா நரகம் என்று ஒரு பேச்சு உண்டு. அதிகத் தள்ளுபடியில் விற்றதால் பழைய வண்டிக்கு வேறு எங்கேயும் விலை கிடைக்காது, மறுபடி மஸ்டாவிடமே போக வேண்டும் என்பார்கள். சில மாடல்கள் துருப்பிடிக்கும் என்று பெயர் வாங்கின. கடைசியாக வந்த ஆர்எக்ஸ்-8 எண்ணெயும் பெட்ரோலும் அதிகம் குடித்து 2012-இல் நின்றுபோனது. ஃபோர்டு வந்து பங்கு வாங்கி, 1996-இல் தலைவரையே வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து, பிறகு பணமுடையில் விற்றுவிட்டுப் போனது. ஆனால் அந்தச் சின்ன இரண்டு இருக்கை எம்எக்ஸ்-5, 1989-இல் வந்தது, 2016-இல் 10 லட்சத்தைத் தொட்டது. 2023-இல் ரோட்டரியைக்கூட மின்சார வண்டிக்கு மின்சாரம் தரும் சின்ன எஞ்சினாகத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். நீ போக நினைத்த அந்த டொயோட்டாவே 2017-இல் மஸ்டாவில் 5 சதவீதம் பங்கு வாங்கியிருக்கிறது.

ஃபுச்சுவில் கம்பெனி வளாகத்துக்குள்ளேயே அருங்காட்சியகம் இருக்கிறதாம், முன்பதிவு செய்துவிட்டுப் போ. காஸ்மோவும் அந்த 55-ஆம் எண் வண்டியும் அங்கே இருக்கின்றன. கோடு விழுந்த ஹவுசிங், அதாவது ரோட்டர் சுழலும் அந்த அறை, ஏதாவது வைத்திருந்தால் கிட்டே போய் விளக்கு பட எனக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

அப்புறம், அந்த மூன்றாவது பீஸை யாரும் எடுத்துப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள். அலைக்கும் அலைக்கும் இடைவெளி எவ்வளவு, விளிம்பிலிருந்து எத்தனை மில்லிமீட்டரில் ஆரம்பிக்கிறது, டூலை எவ்வளவு நீட்டிக் கட்டியிருந்தார்கள், சத்தம் வந்ததா என்று மெஷின் ஓட்டும் ஆளிடம் கேட்டு எழுதி வை. ஞாயிற்றுக்கிழமை போனில் சேர்ந்து பார்ப்போம். அம்மா பருப்புப்பொடியும் நிலக்கடலை மிட்டாயும் பார்சல் போட்டிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா