பொன்மலையிலிருந்து பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய பேஸ் கித்தார் ஸ்ட்ரிங் செட் நல்லபடியாக வந்து சேர்ந்தது. பெட்டியின் ஓரம் நசுங்கியிருந்ததே தவிர உள்ளே ஒன்றும் ஆகவில்லை. வந்த அன்றைக்கே மாட்டிவிட்டேன். தட்டைக் கம்பி சுற்றிய ஃப்ளாட்வுண்டுக்கு இழுவை அதிகம் என்று நீ சொல்லியிருந்ததால் நம் கல்கத்தா பேஸின் நெக் தாங்குமோ தாங்காதோ என்று கவலையாக இருந்தது. ரயில்வே பட்டறை நாளில் வாங்கிய ஃபீலர் கேஜை எடுத்து, முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அமுக்கிக்கொண்டு, நடுவில் ஏழாவது ஃப்ரெட்டின் மேல் எவ்வளவு இடைவெளி என்று பார்த்தேன். 0.018 இன்ச். நெக்குக்குள் ஓடும் ட்ரஸ் ராடைக் கால் சுற்று இறுக்கி, ராத்திரி அப்படியே விட்டு, காலையில் பார்த்தால் 0.012. அதோடு நிறுத்திக்கொண்டேன். சரிதானே? நீயாக இருந்தால் கேஜ் இல்லாமல் கண்ணை வைத்துப் பார்த்தே சொல்லியிருப்பாய்.

புது ஸ்ட்ரிங் மாட்டும்போதெல்லாம் அப்பாயி ஞாபகம் வந்துவிடுகிறது. அப்போது நல்ல பேஸ் ஸ்ட்ரிங் திருச்சியில் எங்கே கிடைக்கும்? சத்தம் மந்தமானால் கழற்றிச் சுருட்டி, சோற்றுக் குண்டானில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க விடுவேன். விரல் எண்ணெயும் அழுக்கும் மேலே மிதந்து வரும். துடைத்து வெயிலில் காயவைத்து மாட்டினால் இன்னும் சில கச்சேரிக்குப் பளிச்சென்று பேசும். அந்தக் குண்டானை அப்பாயி மறுபடி அடுப்பில் ஏற்றவே இல்லை. நீ டெட்ராய்ட்டின் ஜேம்ஸ் ஜேமர்சனைப் பற்றிச் சொன்னபோது எனக்கு ஏன் அவ்வளவு பிடித்துப்போனது தெரியுமா? மோடவுன் ரெக்கார்டு கம்பெனியில் அத்தனை பாட்டுக்கு வாசித்த மனிதர், ஸ்ட்ரிங் அறுந்தால்தான் மாற்றுவார் என்றாய். பணம் இருந்தும் மாற்றாதவர். எங்களுக்குக் காசும் இல்லை, கடையும் இல்லை. ஆனாலும் அந்த மந்தமான, கனமான சத்தத்துக்கு ரயில்வே இன்ஸ்டிடியூட் கிறிஸ்துமஸ் டான்ஸில் ஆடாத கால் கிடையாது.

போன ஞாயிறு வீடியோவில் பேசியபோது கொஞ்ச நேரம் உன் பின்னால் பேஸ் கித்தார்களை மாட்டும் சுவர் தெரிந்தது. அப்புறம் நீ நாற்காலியைத் திருப்பிக்கொண்டாய். வெளிச்சம் கண்ணில் அடித்திருக்கும்.

அம்மாவுக்கு முழங்கால் இப்போது தேவலை. மாடிப்படி ஏறாதே என்றால் கேட்கிறாளா? தம்பி ஓசூரில் வீடு பார்த்துவிட்டான், ஆடி கழிந்ததும் பால் காய்ச்சுவான். சந்தையில் இந்த வாரம் மாம்பழம் நிறைய வந்திருந்தது. நீ இருந்தால் என்று அம்மா ஆரம்பித்தாள், நான் பேச்சை மாற்றிவிட்டேன். சுவரில் இரண்டுதான் இருந்தது, பாப்பா.

வியாபாரம்தான், கைமாற்றிக்கொண்டிருக்கிறேன் என்றாய். நம்புகிறேன். ஆனால் உன் வியாபாரத்தை ஆரம்பத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறவன் நான். நீ ஒன்றைக் கொடுத்தால் இன்னொன்று வீட்டுக்குள் வந்துவிடும். ரிக்கன்பேக்கர் பேஸைக் கொடுத்தாய், 78ஆம் வருஷத்து ஸ்டிங்ரே வந்தது. இரண்டு ஜப்பான் பேஸைச் சேர்த்துக் கொடுத்து, மேலே கொஞ்சம் போட்டு, 72 ஜாஸை எடுத்தாய். எடுத்த கையோடு இங்கே நடுராத்திரி என்றும் பார்க்காமல் படம் அனுப்புவாய். பிரிட்ஜ் ஒரு படம், தலைப்பக்கம் ஒரு படம், கீறல் ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். அம்மா போன் சத்தத்தில் எழுந்து திட்டுவாள். இப்போது மூன்று போயிருக்கிறது, ஒரு படமும் வரவில்லை. இருப்பது எது என்றும் பார்த்தேன். ஹோஃப்னரும் ஜப்பான் பிரிசிஷனும் ஆணியிலேயே இருக்கின்றன. நல்ல விலைக்குப் போகக்கூடியவை மூன்றையும் காணோம்.

விற்பது தப்பு என்று சொல்ல வரவில்லை. வாங்கி விற்பதில் நீ கெட்டிக்காரி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவன் நான்தான். டாலஸ் கித்தார் கண்காட்சியில் ஒரு ஆள் 63 ஜாஸ், எல்லாம் ஒரிஜினல் என்று அடித்துச் சொன்னபோது நீ பிளேட்டைத் திறந்து காட்டச் சொன்னாயே, அதை பென்ஷன்காரர் கூட்டத்தில் சொல்லிச் சொல்லி அவர்களுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. வால்யூம் கண்ட்ரோலின் முதுகில் இருக்கும் எண்ணில் முதல் மூன்று இலக்கம் செய்த கம்பெனி, 137 என்றால் சி.டி.எஸ்., 304 என்றால் ஸ்டாக்போல். அதற்குப் பிறகு வருஷம், கடைசியில் வாரம். அவன் காட்டியதில் 66 என்று இருந்தது. 63இல் கூட்டிய கித்தாருக்குள் 66இல் செய்த சாமான் எப்படி வரும் என்று கேட்டாய், அவன் வாயைத் திறக்கவில்லை. இதே 66ஆம் வருஷ கண்ட்ரோல் 68, 69 கித்தாரில் இருந்தால் சந்தேகப்பட வேண்டாம், மொத்தமாக வாங்கிப் போட்டு வருஷக்கணக்கில் மாட்டினார்கள் என்றும் சொன்னாய். எல்லாம் என் நோட்டில் இருக்கிறது. என்னோடு ஃபிட்டராக இருந்த உன் பெரியப்பா, இந்தப் பெண் பட்டறையில் இன்ஸ்பெக்ஷனுக்கு வந்திருந்தால் நம்மில் பாதிப் பேருக்குச் சார்ஜ் ஷீட்தான் என்றார்.

இவ்வளவு நுணுக்கமாக அடுத்தவன் சாமானைத் திறந்து பார்க்கிறவள், உன் நிலவரத்தை மட்டும் என்னிடம் மூடி வைப்பது நியாயமா?

சரி, அதை விடு. எனக்கு 72 பற்றிக் கவலை இல்லை. ஸ்டிங்ரேயும் போகட்டும், அது உனக்கு எப்போதுமே கை சேரவில்லை. 64 ஃபெண்டர் எங்கே?

நான் அங்கே வந்திருந்தபோது ஒரு சனிக்கிழமை அதன் நெக்கைக் கழற்றி என் கையில் கொடுத்தாய். பின்னால் நாலே ஸ்க்ரூ. குதிகால் பக்கம் லாக்கர் பூச்சு படாத மேப்பிள் மரம், பழைய பென்சில் பெட்டியைத் திறந்தால் வருகிற வாசனை, அதில் மாதமும் வருஷமும் மை முத்திரையாக மங்கிக் கிடந்தது. முன்பக்கத்துத் தகட்டை, பிக்கார்டை, தூக்கினால் அடியில் சிவப்பு அன்றைக்கு அடித்த மாதிரி இருந்தது. வெளியே வெளிச்சம் பட்ட இடமெல்லாம் பழுப்பேறியிருந்தது. 'ஈ' ஸ்ட்ரிங்குக்கு மேலே, முன்பு வைத்திருந்தவரின் கட்டைவிரல் ஊன்றி ஊன்றி மரமே தெரிந்த இடத்தில் உன் கட்டைவிரலும் சரியாகப் போய் உட்கார்ந்ததைப் பார்த்தேன். லியோ ஃபெண்டர் ஃபுல்லர்ட்டனில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர் என்று நீ சொன்னதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ரிப்பேர் செய்து பழகிய ஆள்தான் அப்படிச் செய்வான். நெக் கெட்டால் ஸ்க்ரூவைக் கழற்று, வேறு நெக் மாட்டு, ராத்திரி கச்சேரிக்குப் போ. 1951இல் அவர் முதல் பிரிசிஷனை இறக்கும்போதே அதை யோசித்திருக்கிறார். 1965 ஜனவரியில் கம்பெனியை சி.பி.எஸ். என்ற பெரிய கம்பெனிக்கு விற்றுவிட்டார், அதற்கு முந்தின வருஷத்துச் சாமான் என்பதால்தான் 64க்கு அந்த விலை என்பதும் தெரியும். இங்கே ஒரு நல்ல கார் வாங்கலாம். அதனால்தான் கேட்கிறேன்.

நீ வாசிப்பது அதில்தான். மற்றவை சுவரில் இருப்பவை, சனிக்கிழமை பாருக்கும் தீபாவளிக் கச்சேரிக்கும் எடுத்துப் போவது அது ஒன்றுதான். சுவரில் இருப்பதை விற்கலாம். வாசிப்பதை விற்காதே. விற்கத்தான் வேண்டும் என்றாலும் அவசரத்தில் விற்காதே. அவசரத்தில் இருப்பவளை வாங்குகிறவன் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவான், நீயே அப்படி வாங்கியிருக்கிறாய்.

அது வீட்டில்தான் இருக்கிறது, பெட்டிக்குள் வைத்திருக்கிறாய் என்றால், அந்தப் பெட்டியைக் காரில் விடாதே. உங்கள் ஊர் வெயிலில் டிக்கிக்குள் வைத்தால் லாக்கர் என்ன ஆகும்? குளிர்ந்த பெட்டியைக் கொண்டுவந்ததும் திறக்காதே, கொஞ்ச நேரம் அறைச் சூட்டுக்கு வரட்டும், இல்லாவிட்டால் லாக்கரில் மயிரிழை மாதிரி வெடிப்பு ஓடிவிடும் என்று எனக்குச் சொன்னவள் நீ. களவும் இருக்கிறது. ஜேமர்சனின் 62 பிரிசிஷன் 1983இல் அவர் சாவதற்குச் சில நாள் முன்னால் களவு போனது, இன்றுவரை கிடைக்கவில்லை. பேஸ் மேதை ஜாக்கோ பாஸ்டோரியஸின் ஃப்ரெட் இல்லாத ஜாஸ் பேஸ் 1986இல் நியூயார்க்கில் போய், வெளியே தலைகாட்ட இருபது வருஷம் ஆயிற்று. பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க்கில் சுமார் 30 பவுண்டுக்கு வாங்கிய ஹோஃப்னரை 1972இல் லண்டனில் வேனிலிருந்து தூக்கிவிட்டார்கள். ஐம்பது வருஷத்துக்கு மேல் கழித்துத்தான் கைக்கு வந்தது. அவர்களுக்கே இந்தக் கதி. காரில் விடாதே.

உன் அத்தை இன்னும், பொம்பளைப் பிள்ளை இந்தக் கட்டையைத் தூக்கிக்கொண்டு ராத்திரியில் அலைகிறதே என்கிறாள். லாஸ் ஏஞ்சல்ஸில் கரோல் கே என்று ஒரு அம்மா, 1963இல் ஒரு ரெக்கார்டிங்குக்கு பேஸ் ஆள் வரவில்லை என்று எடுத்து வாசித்து, அப்புறம் ஆயிரக்கணக்கான ரெக்கார்டிங்குக்கு வாசித்தார், பிள்ளைகளையும் வளர்த்தார் என்று சொன்னேன். அத்தைக்குப் புரிந்ததோ இல்லையோ, எனக்குச் சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்தது.

பாப்பா, உன் கம்பெனியில் ஆள் குறைக்கிறார்கள் என்று சித்தப்பா மகன் போன மாதமே சொன்னான். நீயாகச் சொல்வாய் என்று இருந்தேன். வேலை நின்றால் விசாவுக்கு 60 நாள் அவகாசம், அதற்குள் வேறு வேலை பிடிக்க வேண்டும் என்றும் அவன்தான் சொன்னான். நான் நாளை எண்ணுகிறேனே தவிர, எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று எனக்குத் தெரியவில்லை. அப்படி ஒன்றும் இல்லை என்றால் நல்லது, அப்பா கிழவன், எதையோ நினைத்துக்கொண்டான் என்று விட்டுவிடு. இருந்தால் சொல். வேலை போவது உன் திறமைக்குக் குறைச்சல் என்று இந்த வீட்டில் ஒருவரும் நினைக்க மாட்டோம்.

தபால் ஆபீசில் போட்டிருக்கும் பணம் அடுத்த மாதம் முதிர்கிறது. மறுபடி போடவில்லை. தம்பியிடம் கேட்டுவிட்டேன், அக்காவுக்குத்தானே, அனுப்புங்கள் என்றான். பாங்கிலும் விசாரித்தேன். வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு அனுப்ப பான் கார்டும் ஒரு ஃபாரமும் போதும். உன் ஆறு மாத வாடகைக்கு வருமா என்று நீதான் கணக்குப் பார்த்துச் சொல்ல வேண்டும். 64ஐ விற்று வருகிற பணத்தைவிட இது குறைவாக இருந்தாலும், முதலில் இதை வாங்கிக்கொள்.

கொஞ்ச நாள் இங்கே வந்து இருக்கலாம் என்று தோன்றினால் அதற்கும் ஒன்று விசாரித்து வைத்திருக்கிறேன். 64இல் விரல் அமுக்கும் பலகை, ஃப்ரெட்போர்டு, பிரேசில் ரோஸ்வுட். அந்த மரம் 1992 முதல், அழியும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. அனுமதிச் சீட்டு இல்லாமல் நாட்டு எல்லை தாண்டக் கூடாது, ஏர்போர்ட்டில் பிடித்தால் பறித்துக்கொள்வார்கள். அமெரிக்க மீன், வனவிலங்குத் துறையில் இசைக்கருவிக்கென்றே சான்றிதழ் தருகிறார்களாம். அதற்கு நாளாகும், முன்னாலேயே எழுதிப் போடு. நம் ஈட்டி மரத்தில் செய்ததென்றால் இந்தக் கஷ்டம் இல்லை, செய்து முடித்த வாத்தியத்துக்கு 2019 கடைசியிலிருந்து விலக்கு கொடுத்துவிட்டார்கள். சீட்டு கிடைக்கத் தாமதமானால் உன் டிரம்மர் தோழி வீட்டில் வைத்துவிட்டு வா. இங்கே வாசிக்க நம் கல்கத்தா பேஸ் இருக்கிறது, நெக் நேராகத்தான் இருக்கிறது. வரச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. வந்தால் எப்படி என்று பார்த்து வைத்தேன், அவ்வளவுதான்.

சாப்பாட்டை விடாதே. காரில் விடாதே. அவசரத்தில் விற்காதே.

இந்தக் கடிதம் அம்மாவுக்குத் தெரியாது. பதிலை வீட்டு குரூப்பில் போட வேண்டாம், என் நம்பருக்குப் போடு. 64 இருக்கிறதா இல்லையா என்று முதலில் எழுது, வேலை விஷயம் அடுத்த வரியில் எழுது. இரண்டு வரி போதும்.

அன்புடன்,
அப்பா